உலகம்மாளின் எட்டு

கொஞ்சம் இருங்கம்மா, உட்கார்ந்துவிடாதீங்க. அந்தப் பை என்னுடையதுதான். ஆனால் அந்த சீட்டுக்கு ஆள் வரும். டிரைவர் இன்னும் டீக்கடையில்தான் நிற்கிறார், பாருங்க. அவர் கிளாஸைக் கீழே வைத்து, ஏறி உட்கார்ந்து, கண்டக்டர் விசில் கொடுக்கிற வரைக்கும் அந்த இடம் என் பொறுப்பு. அதற்குள் ஆள் வரவில்லை என்றால் நானே பையை எடுத்துவிடுகிறேன். நான் அநியாயக்காரி இல்லை.

ஏறிவிட்டாரா டிரைவர்? இன்றைக்கென்று பார்த்து என்ன அவசரமோ.

விசிலும் கொடுத்தாச்சு. சரி, உட்காருங்க. நன்றாகச் சாய்ந்தே உட்காருங்க.

பதினோரு வருஷத்தில் இந்த சாயந்தர பஸ்ஸில், எனக்குப் பக்கத்தில், அவள் இல்லாமல் இன்னொரு ஆள் உட்காருவது இதுதான் முதல் தடவை. உங்களைக் குறை சொல்லவில்லை. நீங்க எதுவரைக்கும்? கழுகுமலையா? அப்போ எனக்குப் பிறகும் போவீங்க. எனக்குக் கரிசல்குளம் விலக்கு, எங்க ஊருக்குப் பாதை பிரிகிற ஸ்டாப். அதற்கு ரெண்டு ஸ்டாப் முன்னால் மில் ஸ்டாப் வரும். பழைய பஞ்சு மில். அதுதான் அவள் ஸ்டாப். உலகம்மாள். உலகு என்று கூப்பிடுவேன். என்னைவிட ரெண்டு வயது இளையவள், நாற்பத்திநாலு.

நாங்க ரெண்டு பேரும் கடலைமிட்டாய் கம்பெனியில் பேக்கிங். கம்பெனி என்றதும் பெரிதாக நினைக்காதீங்க. ஒரு தகரக் கொட்டகை, இருபது பொம்பளைகள். நான் மிட்டாயைக் கவரில் அடுக்கித் தள்ளுவேன், அவள் மிஷினில் கவர் வாயை ஒட்டுவாள். நான் தள்ளினால்தான் அவள் ஒட்ட முடியும். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்க.

காலையில் நான் ரெண்டு ஸ்டாப் முன்னால் ஏறுகிறவள். சன்னலோரம் நான், பக்கத்தில் என் பை. மில் ஸ்டாப் வந்ததும் அவள் படியில் கால் வைப்பாள், நான் பையை எடுப்பேன். சாயந்தரம் பஸ் ஸ்டாண்டில் கூட்டம் அம்முமே, அப்போது நான்தான் சன்னல் வழியாகப் பையை உள்ளே எறிந்து ரெண்டு இடம் பிடிப்பேன். அவளுக்கு எறிய வராது. ஒருதரம் எறிந்தாள், பை நேராக ஒரு போலீஸ்காரர் மடியில் போய் விழுந்தது. அவர் அதைத் தலைக்கு வைத்துத் தூங்கிவிட்டார். அப்படிப்பட்டவள். பதினோரு வருஷம் நான் பிடித்த இடத்தில் உட்கார்ந்தவள். அவள்தான் இன்றைக்கு ஸ்கூட்டி லைசென்ஸுக்கு எட்டு போடப் போயிருக்கிறாள்.

போனா? என் பையில்தான் அடிக்கிறது. அடிக்கட்டும். பஸ் சத்தத்தில் என்ன கேட்கப் போகிறது.

எனக்குப் பொறாமை என்று நினைத்துவிடாதீங்க. கம்பெனியில் நாலு பேர் அப்படித்தான் பேசிக்கொள்கிறார்கள். எனக்கு என்ன பொறாமை? என் வீட்டுக்காரர் இருக்கிறார், வீட்டில் மிக்ஸி இருக்கிறது, காலைக்கும் மாலைக்கும் பஸ் இருக்கிறது. பொம்பளைகளுக்கு டிக்கெட்டே இல்லாத பஸ். அரசாங்கமே வா வா என்று சும்மா ஏற்றிக்கொண்டு போகிறபோது ஒருத்தி பெட்ரோல் போட்டுக்கொண்டு தனியாகப் போவேன் என்றால், அது எதற்கு? நாலு பேர் பார்க்கத்தானே?

எப்படி ஆரம்பித்தது என்று சொல்கிறேன். அவள் புருஷன் தவறி ஒன்பது வருஷமாகிறது. ஒரே மகள். காலேஜுக்குப் போக அந்தப் பிள்ளைக்கு ஒரு ஸ்கூட்டி வாங்கிக் கொடுத்திருந்தாள், மஞ்சள் கலர். வைகாசியில் மகளுக்குக் கல்யாணம் ஆகித் தூத்துக்குடி போய்விட்டது. அங்கே மாப்பிள்ளைக்குக் கார் இருக்கிறது. வண்டி இங்கேயே நின்றுவிட்டது. "வித்துரு உலகு, துரு ஏறிரும்" என்றேன். நல்ல எண்ணத்தில்தான். இதே சீட்டில் உட்கார்ந்துகொண்டு, புருஷன் போன பிறகும் விடாமல் வைக்கிற தலைப்பூவைச் சரி பண்ணிக்கொண்டே சொல்கிறாள்.

"விக்கலைக்கா. நானே ஓட்டலாம்னு இருக்கேன்."

சிரித்தேன். அவளும் சிரித்தாள். விளையாட்டு என்று நான் நினைத்தேன். அவள் அப்படி நினைக்கவில்லை.

ஆடி மாசம் ஞாயிற்றுக்கிழமைகளில் மில் மைதானத்தில் பழக ஆரம்பித்தாள். வண்டி ஓட்ட சேலை ஆகாதென்று மகளுடைய சுடிதாரைப் போட்டுக்கொண்டு. நாற்பத்திநாலு வயதில்! "என்னட்டி இது கோலம்?" என்று கேட்கத்தான் போனேன். போய்ப் பார்த்தால் அவளுக்கு அது நன்றாக இருந்தது. அதுதான் எனக்கு ஆகவில்லை. நன்றாக இல்லாமல் இருந்திருந்தால் நானே கூட நின்று சொல்லிக் கொடுத்திருப்பேன்.

லைசென்ஸுக்கு எட்டு போடணும், தெரியும்தானே? தரையில் எட்டு மாதிரி கோடு இருக்கும். அதன் மேலேயே வண்டி ஓட்டணும், கால் தரையில் படக்கூடாது. பிரேக் இன்ஸ்பெக்டர் நின்று பார்ப்பார். பட்டால் பெயில். அவ்வளவுதான். இவள் என்ன செய்தாள், மில் மைதானத்தில் கோலமாவை எடுத்து இந்தா பெரிது, ஒரு எட்டு போட்டாள். ஆம்பளைகள் செங்கல்லை வைத்துப் பழகுவார்கள், இவள் கோலமாவு. வண்டிக்குக் கண்ணேறு படக்கூடாதென்று சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினாள். முடிந்ததும் எல்லாவற்றையும் அப்படியே போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாள்.

மறுநாள் காலையில் பஸ்ஸெல்லாம் அதே பேச்சு. மில் மைதானத்தில் யாரோ செய்வினை வைத்திருக்கிறார்கள், வெள்ளையாக ரெண்டு வளையம், நடுவில் நசுங்கின எலுமிச்சம்பழம், பால்காரர் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வந்த வழியே போய்விட்டார் என்று. எனக்குத் தெரியும் அது எதென்று. ஆனால் நான் வாயைத் திறக்கவில்லை. பொய் ஒன்றும் சொல்லவில்லையே! ஒருத்தி மட்டும் "எட்டு மாதிரி இருந்துச்சுக்கா"ன்னு கண்ணை விரித்தாள். "எட்டாம் நாள் பார்த்துக்கோ" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

உலகு அதற்குப் பயந்தாளா? இல்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுபடி எட்டு போட்டு, பக்கத்திலேயே கோலமாவில் எழுதிவைத்துவிட்டாள். "இது உலகம்மாள் எட்டு. யாரும் பயப்பட வேண்டாம்." எழுத்து வேற அழகாக இருந்தது என்று பேசிக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகு கம்பெனியில் நிலைமையே மாறிப்போச்சு. முன்னெல்லாம் உள்ளே நுழைந்ததும், "கனியக்கா, இன்னைக்கு பஸ்ல என்ன சேதி?" என்பார்கள். என் பேர் சண்முகக்கனி. நான் சேலையை உதறிச் சொருகிவிட்டுத்தான் ஆரம்பிப்பேன், அதுவரை அத்தனை பேரும் காத்திருப்பார்கள். இப்போது? "உலகக்கா, நேத்து எத்தனை சுத்து? உலகக்கா, கண்ணாடியைப் பார்த்து ஓட்டுனியா? உலகக்கா, லைசென்ஸ் வந்ததும் என்னை ஒரு ரவுண்டு." நான் அடுக்கிக்கொண்டே இருக்கிறேன். அவள் பேசிக்கொண்டே ஒட்டுகிறாள். நான் தள்ளினால்தான் அவள் ஒட்ட முடியும் என்று சொன்னேனே, ஒருநாள் வேண்டுமென்றே மெதுவாகத் தள்ளினேன். "முடியலையாக்கா? கொஞ்சம் உக்காந்துக்கோ, நான் ரெண்டையும் பாத்துக்கிடுதேன்" என்று அடுக்கவும் ஆரம்பித்துவிட்டாள். என்னத்தைச் சொல்ல.

டெஸ்ட் தேதி புரட்டாசியில் வந்தது. இப்போது சொல்லப்போவதை நீங்க யாரிடமும் சொல்லக்கூடாது. கழுகுமலைக்காரங்கதானே, பரவாயில்லை.

எங்க விலக்கில் ஒரு பிள்ளையார் இருக்கிறார். கூரை கிடையாது, வேப்பமரம்தான். நான் தினமும் பஸ்ஸுக்கு நிற்கிறபோது அவர் முகத்தில்தான் முழிப்பேன். டெஸ்டுக்கு முந்தின நாள் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு அவர் முன்னால் நின்றேன். "பிள்ளையாரே, அவள் விழ வேண்டாம். கை கால் ஒடிய வேண்டாம். வண்டிக்கும் ஒரு கீறல் வேண்டாம், பாவம், மகள் வண்டி. ஒரே ஒரு தடவை கால் தரையில் பட்டால் போதும். இடது கால் பட்டாலும் சரி, வலது கால் பட்டாலும் சரி, உன் சௌகரியம். நடத்திக் கொடு, உனக்கு நூற்றெட்டுக் கொழுக்கட்டை" என்றேன்.

அப்படிப் பார்க்காதீங்க. அவளுக்கு ரோட்டில் என்ன தெரியும்? லாரி வருகிற ரோடு. அவள் நன்மைக்குத்தானே.

மறுநாள் அரைநாள் லீவு போட்டுத் துணைக்கும் போனேன். எட்டு போடுகிற மைதானத்தில் வரிசையாக ஆட்கள். எல்லாம் மீசை முளைத்தும் முளைக்காத பையன்கள். இவள் ஒருத்திதான் பூ வைத்துக்கொண்டு நிற்கிறாள். பேர் கூப்பிட்டார்கள். ஏறினாள். நான் சொல்லக்கூடாது, ஆனால் என்னமா ஓட்டினாள் தெரியுமா! முதல் வளையத்தை அப்படி வழுக்கிக்கொண்டு சுற்றினாள், கோலமாவை விரலிலிருந்து விடுகிற மாதிரி. ரெண்டாவது வளையத்துக்குள் திரும்பினாள். எனக்கு மனசு கேட்கவில்லை. "ஏட்டி உலகு, பார்த்து!" என்று கத்தினேன். அக்கறையில்தான். அவள் திடுக்கிட்டு என் பக்கம் பார்த்தாள், பார்த்ததும் சிரித்தாள். இடது கால் தரையில் பட்டது.

பிள்ளையாரின் சக்தியைப் பாருங்க.

வண்டியைக் கொண்டுவந்த பக்கத்து வீட்டுப் பையனே அதைத் திருப்பி ஓட்டிக்கொண்டு போய்விட்டான். அன்றைக்கு சாயந்தரம் இதே பஸ்ஸில், நீங்க இருக்கிற இடத்தில்தான் அவள் இருந்தாள். "பரவால்லக்கா, மறுபடி போட்டாப் போச்சு" என்று சொன்னாள். சொல்லிவிட்டு என் தோளில் தலையை வைத்துத் தூங்கிப்போனாள். அன்றைக்கு இந்தச் சன்னல் வழியாக வீசின காற்று மாதிரி அதற்கு முன்னாலும் வீசினதில்லை, பிறகும் வீசவில்லை. எனக்கும் வருத்தம்தான். வருத்தம் இல்லாமலா.

மறுபடி அடிக்கிறதா போன்? நாலாவது தடவையா? நீங்க எண்ணிக்கொண்டா வருகிறீங்க?

பெயிலானாள், சரி. நூற்றெட்டுக் கொழுக்கட்டைக்கு நான் எங்கே போவேன்? பிள்ளையார்தானே, பொறுமைசாலி, பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். முதல் வாரம் மிக்ஸி புகைந்தது. ரெண்டாவது வாரம் குழம்பில் ரெண்டு தடவை உப்புப் போட்டேன். மூன்றாவது வாரம் பஸ்ஸுக்கு ஓடுகிறபோது செருப்பு அறுந்தது, சரியாக அவருக்கு நேர் எதிரே. நிமிர்ந்து பார்த்தேன். அவரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் மாவைக் கிளற உட்கார்ந்தேன். எனக்குக் கொழுக்கட்டை கைவராது. குழம்பு கேளுங்க, துவையல் கேளுங்க. கொழுக்கட்டை மட்டும் நான் பிடித்தால் விண்டுபோகும். எங்க வீட்டுக்காரர் ஒன்றைக் கையில் எடுத்து உருட்டிப் பார்த்துவிட்டு, "இது சாமிக்கா, சண்டைக்கா?" என்றார். அதோடு விட்டாரா? கொல்லைப்பக்கம் போய் உலகுக்குப் போன் போட்டுவிட்டார். "ஏ உலகு, ஒங்க அக்கா மாவோட மல்லுக்கட்டிக்கிட்டு கெடக்கா, செத்த வாத்தா."

வந்துவிட்டாள், பஸ் ஏறி. கையில் எள்ளுப் பூரணம் வேற.

வந்து உட்கார்ந்து முந்தானையைச் சொருகிக்கொண்டு கேட்டாள். "நூத்தெட்டா? அம்மாடி! என்ன வேண்டுதல்க்கா இம்புட்டுப் பெருசா?"

நான் என்ன சொல்வேன், சொல்லுங்க? நீ பெயிலானதுக்கு என்றா? வாயில் வந்ததைச் சொன்னேன்.

"முழங்கால்."

"எந்த முழங்கால்?"

"இடது."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே நீ" என்று அவள் கண் கலங்கிப்போச்சு. அந்தக் கண்ணோடேயே பிடிக்க ஆரம்பித்தாள். அவள் பிடிக்கிற கொழுக்கட்டை இருக்கிறதே, தோல் வெற்றிலை கனம்தான் இருக்கும், உள்ளே பூரணம் நிழல் மாதிரி தெரியும். ஒன்றுகூட விண்டுபோகவில்லை. என்னுடைய வேண்டுதல், என்னுடைய மாவு, அவள் பேர் வாங்குகிறாள். எங்க வீட்டுக்காரர் அடுப்படி வாசலில் நின்று, "இதுல்ல கொழுக்கட்டை" என்றார். இருபத்தாறு வருஷமாக என் கையால் சாப்பிட்ட மனுஷன்.

பிடித்துக்கொண்டே ஏதேதோ பேசினாள். "வீட்ல ஒரே அமைதியா இருக்குக்கா. முந்தி சாயந்தரம் வண்டிச் சத்தம் கேட்டா, புள்ள வந்துருச்சுன்னு எந்திரிச்சு டீ போடுவேன். இப்ப அந்தச் சத்தமே இல்லை. அதுக்குன்னே காலைல ஒரு ரெண்டு நிமிஷம் வண்டியை ஸ்டார்ட் பண்ணி சும்மா ஓடவிடுவேன்" என்றாள்.

பெட்ரோல் என்ன சும்மாவா வருகிறது? நானும் சொன்னேன், "வீணாத்தானேட்டி போகுது" என்று. "ஆமாக்கா"ன்னு தலையைக் குனிந்துகொண்டாள்.

பிறகு சிரித்துக்கொண்டே சொல்கிறாள், "நானும் இந்தப் பிள்ளையாருக்குத்தான் வேண்டியிருக்கேன். எட்டு ஒழுங்காப் போட்டுட்டா எட்டுக் கொழுக்கட்டை. எட்டுக்கு எட்டு."

எனக்குக் கையில் மாவு அப்படியே நின்றுவிட்டது. நினைத்துப் பாருங்க. ஒரே பிள்ளையார். அந்தப் பக்கம் எட்டு, இந்தப் பக்கம் நூற்றெட்டு. அவர்தான் என்ன செய்வார்?

கொண்டுபோய்ப் படைத்தோம். பூசாரி தட்டைப் பார்த்துவிட்டு, "யார் பிடிச்சது? அச்சு வார்த்த மாதிரி இருக்கே" என்றார். நான் தட்டை அவர் பக்கம் தள்ளினேன். இவள் பிள்ளையார் முன்னால் கண்ணை மூடிக்கொண்டு, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சத்தமாக வேண்டுகிறாள். "அப்பனே, எங்க கனியக்கா முழங்கால் சரியாகணும். என் எட்டை அப்புறம் பார்த்துக்கலாம், அவசரமில்லை."

பார்த்தீங்களா? அவசரமில்லையாம். சாமி முன்னால் கூட என்னைவிட நல்லவளாக ஆகவேண்டும் அவளுக்கு.

அதற்குப் பிறகு நான் பட்டபாடு எனக்குத்தான் தெரியும். முழங்கால் வலி என்று சொல்லிவிட்டேன், நடந்தால் தெரிய வேண்டாமா? அவள் பார்க்கிற நேரமெல்லாம் காலை இழுத்து இழுத்து நடந்தேன். ஒருநாள் எங்க வீட்டுக்காரர் பேப்பரை இறக்கிவிட்டு, "நேத்து அந்தக் காலைத்தானே இழுத்தே?" என்றார். வலி மாறும் என்றேன். உலகு தைலம் வாங்கிவந்தாள். மதியம் சாப்பிட்டதும் கொட்டகையில் அத்தனை பேர் முன்னாலும் என் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துத் தேய்த்துவிடுகிறாள். நன்றாக இருக்கிற முழங்காலுக்கு அந்தத் தைலம் எப்படி எரியும் தெரியுமா? கண்ணில் தண்ணீர் வந்தது. "பாவம், எம்புட்டு வலி இருந்தா கனியக்கா அழும்" என்று எல்லாரும் உச்சுக்கொட்டினார்கள்.

அப்போதுதான் அந்த வார்த்தையைச் சொன்னாள். "இந்தக் காலோட நீ பஸ் படி ஏற வேண்டாம்க்கா. லைசென்ஸ் மட்டும் வரட்டும். காலைல ஒங்க ஊருக்கே வந்து ஏத்திக்கிடுதேன், சாயந்தரம் கொண்டுவந்து விட்டுருதேன்."

யாரை யார் ஏற்றிக்கொள்வது? பதினோரு வருஷம் இடம் பிடித்துக் கொடுத்தவள் நான். நான் பின்னால் உட்கார்ந்து, அவள் சடையைப் பார்த்துக்கொண்டு, அவள் திரும்பினால் நானும் திரும்பி, அவள் நின்றால் நானும் நின்று... சன்னல் இல்லாத இடத்தில் நான் எதை வெளியே பார்ப்பேன்? பையை எங்கே போடுவேன்?

இன்னொன்றும் பாருங்க. அவள் வண்டியில் போய்விட்டால் நான் இந்த சீட்டில் பையை வைத்துக்கொண்டு யாருக்காக உட்கார்ந்திருப்பது? ஒரு ஆள் வருவாள் என்றால்தானே இடம் பிடிப்பதில் ஒரு இது இருக்கிறது. இல்லையென்றால் அது வெறும் பை.

ம். புழுதி. இந்த ரோட்டில் எப்போதுமே புழுதிதான், கண்ணைக் கரிக்கும்.

இன்றைக்கு ரெண்டாவது டெஸ்ட். நானும் வருகிறேன் என்றேன். "வேண்டாம்க்கா, முழங்காலோட அங்க எம்புட்டு நேரம் நிப்பே? நான் தனியாப் போய்க்கிடுதேன்" என்றுவிட்டாள். என் பொய் எனக்கே கதவைச் சாத்திவிட்டது. காலையில் பஸ்ஸுக்கு நிற்கிறபோது பிள்ளையாரிடம் போனேன். பழைய வேண்டுதலைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாமா என்று பூசாரியைக் கேட்டேன். "தின்ன கொழுக்கட்டையை எப்படித் தாயி திருப்பித் தருவாரு?" என்றார். சரி என்று அவர் நகர்ந்ததும் நானே சொன்னேன். "பிள்ளையாரே, அவள் ஜெயிக்கணும் என்று நான் கேட்கமாட்டேன், அந்த அளவுக்கு என் மனசு இன்னும் வரவில்லை. தோற்கணும் என்றும் கேட்கவில்லை. இந்த ஒரு தடவை நீ தலையிடாதே. நீ பாட்டுக்கு இரு."

நியாயமாகத்தானே கேட்டிருக்கிறேன்?

நேற்றே சொல்லிவைத்திருந்தாள். "பாசாயிட்டேன்னா சாயந்தரம் கம்பெனி வாசலுக்கு வண்டியோட வந்து நிப்பேன். பெயிலாயிட்டேன்னா வண்டியைப் பக்கத்து வீட்டுப் பையன்கிட்டக் குடுத்துட்டு பஸ் ஸ்டாண்டுக்கு வந்துருதேன், எனக்கு எடம் போட்டு வை." அதனால்தான் நான் அரைமணி நேரம் முன்னாலேயே முழங்கால் வலி என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டேன். அவள் வாசலுக்கு வந்தாளா வரவில்லையா, எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளாமல் வந்துவிட்டேன். பையை மட்டும் எறிந்து இடம் பிடித்தேன்.

வரவில்லையே. நீங்களே பார்த்தீங்க, விசில் கொடுக்கிற வரைக்கும் வரவில்லை. அதற்கு வேறு காரணமும் இருக்கலாம். டெஸ்டைத் தள்ளி வைத்திருப்பார்கள். தலைவலி என்று வீட்டுக்குப் போயிருப்பாள். போன் எதற்கு அடிக்கிறாள் என்றா? சும்மா அடிப்பாள். அவளுக்குப் போன் போடுவதே ஒரு வியாதி.

என்னம்மா? பின்னாலா? யார் ஹாரன் அடிக்கிறது? எங்கே, கொஞ்சம் நகருங்க, தலையை நீட்டுகிறேன்.

ஐயோ.

மஞ்சள் வண்டி. சுடிதார். அவள்தான். என்னமா வருகிறாள் பாருங்க, லாரிக்கு வழிவிட்டு, கையைக் காட்டி... பஸ்ஸை ஒதுக்கிக்கொண்டு முன்னால் போகிறாள்! போய்விட்டாள். எங்கே போனாள்? மில் ஸ்டாப்புக்குத்தான். வேறு எங்கே?

போட்டுவிட்டாள் எட்டு.

பிள்ளையார் தலையிடவில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டார்.

மில் ஸ்டாப் வந்துவிட்டது. ஐயோ, வண்டியை நிறுத்திவிட்டு ரோட்டோரத்தில் நின்று பஸ்ஸைக் கை காட்டி நிறுத்துகிறாள், தாசில்தார் மாதிரி. என்ன கத்துகிறாள்? கேட்கிறதா உங்களுக்கு? "யக்கா, எறங்குக்கா, கம்பெனி வாசல்ல காத்துக் கெடந்தேன், போனை எடுத்தா என்ன" என்கிறாள். பஸ்ஸே பார்க்கிறது.

இது என் ஸ்டாப் இல்லை. நான் இறங்க வேண்டியதில்லை, தெரியுமா? ரெண்டு ஸ்டாப் இருக்கிறது. இப்படியே உட்கார்ந்திருந்தால் பஸ் என்னை என் ஊரில் கொண்டுவிடும். அவள் எத்தனை நேரம் நிற்பாள்?

கையில் என்ன வைத்திருக்கிறாள் பாருங்க. இன்னொரு ஹெல்மெட். அவள் தலையில் இருப்பது மகளுடைய பழசு, பெயிண்ட் உரிந்தது. கையில் இருப்பது புத்தம்புதுசு, பிளாஸ்டிக் கவர்கூடப் பிரிக்கவில்லை. புதுசு எனக்காம், பழசு அவளுக்காம். பார்த்தீங்களா அவள் தந்திரத்தை? ஊரில் நாலு பேர் பார்த்தால் யாரைப் பெரிய மனுஷி என்பார்கள்? இதிலும் என்னை முந்திக்கொண்டுவிட்டாள்.

இருங்க கண்டக்டர் தம்பி, விசில் கொடுத்துவிடாதீங்க. இறங்குகிறேன். ஒரு ஆள் இறங்குகிறது.

என் பையை எடுத்துக் கொடுங்கம்மா. நீங்க சன்னல் பக்கம் வந்துவிடுங்க, காற்று நன்றாக வரும். நாளைக்கும் இந்த பஸ்ஸில்தானே வருவீங்க? அப்படி வந்தால் பக்கத்தில் ஒரு கர்ச்சீப்பைப் போட்டு வையுங்க. எனக்குத்தான். அவள் ஓட்டுகிற லட்சணத்தை இன்னும் யார் கண்டது?

ஒரு நிமிஷம். அவள் படியைத்தான் பார்த்துக்கொண்டு நிற்கிறாள், கையைப் பிடித்து இறக்கிவிட. நான் உங்களிடம் எந்த முழங்கால் என்று சொன்னேன்? இடதா, வலதா?

இடதா? நிச்சயமாக?

நல்ல வேளை கேட்டேன்.